பிள்ளையின் உடுப்பை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

யாழ்ப்பாணம் பெரியகடையிலோ திருநெல்வேலியிலோ ஒரு உடுப்புக் கடைக்குள் போனால், பிள்ளைகளின் சட்டைகள் எல்லாம் முகத்தைக் காட்டித்தான் தொங்கும். பூவும் பொம்மையும் மினுக்கும் முன்பக்கத்தில் இருக்கும். பிள்ளையின் தோலில் படுவதோ மறுபக்கம். அதனால் விலையைப் பார்க்க முதல், நிறத்தைப் பார்க்க முதல், சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்புங்கள். அந்த உடுப்பை வாங்கலாமா, வேண்டாமா என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இலகுவான உடுப்பு என்று சொல்லும்போது இரண்டு விடயங்களைச் சேர்த்தே சொல்கிறோம். போட்டிருக்கும்போது பிள்ளைக்கு அது தெரியக்கூடாது: குத்தவும் கூடாது, இறுக்கவும் கூடாது, அவியவும் கூடாது, காலில் தடக்கவும் கூடாது. அதோடு, போடுவதும் கழற்றுவதும் சுலபமாக இருக்கவேண்டும். முதல் இரண்டு வருடம் அந்தச் சுலபம் தாய்க்கும் அம்மம்மாவுக்கும். அதன் பிறகு பிள்ளைக்கே. இங்கே சொல்பவை பெரும்பாலும் ஒரு வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

நாலு வயதுப் பிள்ளை "கடிக்குது" என்று வாய்விட்டுச் சொல்லும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. சட்டையைப் பிடித்து இழுக்கும், தலைக்கு மேலால் கொண்டுவரும்போது கத்தும், போட்ட கையோடு முதுகை வளைக்கும். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளும் வீடுகள் அதிகம். அப்படி முடிவு செய்ய முதல் அந்தச் சட்டையின் கழுத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

துணி

எங்கள் வெயிலுக்குப் பருத்தி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பருத்தி, எவ்வளவு கலப்பு வரை தாங்கும் என்று நீங்களே முடிவெடுக்கலாம். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் நிறையில் ஏறக்குறைய 8 வீதம் நீரை உள்ளே இழுத்து வைத்திருக்கும். பொலியெஸ்ரர் 0.4 வீதம் மட்டும்தான். பங்குனி, சித்திரையில் பிள்ளை ஓடி விளையாடி வேர்த்தால் பருத்தி அதைக் குடித்துவிட்டுக் காற்றில் விடும். கனமான பொலியெஸ்ரர் துணியில் வேர்வை தோலுக்கும் துணிக்கும் நடுவே நிற்கும். வேர்வைத் துவாரம் அடைபட்டால் வேர்வை தோலுக்குள்ளேயே தங்கி வேர்க்குருவாகிறது. கழுத்து மடிப்பு, முதுகு, அக்குள், இலாஸ்ரிக் ஓடும் கோடு ஆகிய இடங்களில் முதலில் தெரியும். அந்த நேரம் பவுடரை அப்புவதைவிடச் சட்டையை மாற்றுவது நல்லது.

பருத்தியிலும் வகை உண்டு. வொயில் மெல்லியது, சீக்கிரம் காயும், வீட்டுச் சட்டைக்கு அருமையான துணி. ஆனால் வெயிலில் நிற்கும் பிள்ளைக்குப் போதாது, ஏனென்றால் இடைவெளிகளால் சூரியக் கதிர் உள்ளே போகும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உங்கள் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அது வீட்டுக்குள் போட மட்டும். பொப்ளின், நெருக்கமாக நெய்த சீத்தைத் துணி இரண்டும் வெளியே போக ஏற்றவை. பனியன் துணி இழுபடுவதால் சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் வசதி. அதில் சதுர மீற்றருக்கு 140 முதல் 160 கிராம் வரை நிறையுள்ளதுதான் எங்கள் காலநிலைக்குப் போதும்; 200 கிராமுக்கு வரும் தடித்த துணி குளிர்நாட்டுக்குத் தைத்தது. கடையில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதால், இரண்டு விரலுக்கிடையில் கசக்கிப் பாருங்கள், கைக்குட்டை போல அடங்கினால் சரி. பிறகு பத்துச் சென்ரிமீற்றர் அளவான இடத்தை இழுத்து விடுங்கள். பழையபடி வந்து படிந்தால் நல்ல துணி. அலை அலையாக நின்றால் மூன்று தோய்ப்பில் கழுத்து தோளால் வழியும்.

ரேயோன் துணி கையில் குளிர்ச்சியாக இருக்கும், வேர்வையும் குடிக்கும். ஆனால் நனைந்த நேரம் அதன் பலம் குறையும். அடித்துத் தோய்க்கும் வீட்டில் நீடிக்காது, நன்றாகச் சுருங்கவும் செய்யும். ஜீன்ஸ் துணியை மூன்று வயதுக்கு முதல் தவிர்ப்பது நல்லது என்பதே எங்கள் எண்ணம். குந்தியிருந்து விளையாடும் பிள்ளைக்கு அது முழங்காலிலும் கவட்டிலும் மடிந்து அழுத்தும், மாரியில் காய ஒன்றரை நாள் எடுக்கும்.

துணி உண்மையில் பருத்திதானா என்று சந்தேகம் இருந்தால், வீட்டுக்கு வந்தபின் உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவி, பெரியவர் ஒருவர் கொறட்டால் பிடித்து நெருப்புக் காட்டிப் பார்க்கலாம். பருத்தி கடதாசி எரிவதுபோல மணத்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கட்டியான மணியாக நிற்கும். தையல் நூல் வேறு, துணி நூல் வேறு. துணியின் நூலையே எடுங்கள்.

கழுத்து

பிள்ளைகளின் உடுப்பில் அதிகம் பிழைப்பது கழுத்துத்தான். பெரியவர்களின் உடம்பை வைத்து நாங்கள் யோசிப்பதே காரணம். பிறந்த குழந்தையின் நீளத்தில் காற்பங்கு தலை. பெரியவரில் அது எட்டில் ஒரு பங்கு அளவுதான். ஒரு வயதில் தலையின் சுற்றளவு 45 அல்லது 46 சென்ரிமீற்றர், இரண்டு வயதில் 47 அல்லது 48, ஐந்து வயதில் 50 அளவில். அதாவது தலை ஏற்கெனவே பெரியதாகிவிட்டது, கழுத்தோ இன்னும் மெல்லியது. உடம்புக்குப் பொருந்தும் கழுத்து வெட்டு, தலையைப் போகவிடாது. தலையைப் போகவிடும் வெட்டு, தோளில் நிற்காது. பிள்ளைகளின் சட்டையில் உள்ள தெறி, பிளவு, இழுபடும் பட்டி எல்லாம் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

அளக்கும் முறை இதுதான். ரீசேர்ட்டை மேசையில் பரப்பி, கழுத்தின் இரு ஓரத்தையும் பிடித்து இழுக்கக்கூடிய அளவுக்கு இழுத்து, அந்த அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு 53 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. காதும் மூக்கும் உரசாமல் போக அந்த நாலைந்து சென்ரிமீற்றர் மிச்சம் வேண்டும். சீத்தை, பொப்ளின் போல இழுபடாத துணியில் கழுத்து வட்டம் 34 சென்ரிமீற்றர் என்றால், ஒரு பக்கம் குறைந்தது 11 சென்ரிமீற்றர் பிளவு இருக்கவேண்டும். அப்போதுதான் திறந்தபோது 56 கிடைக்கும். பல சட்டைகளில் அழகுக்காக ஆறு, ஏழு சென்ரிமீற்றர் பிளவும் ஒரு தெறியும்தான் வைப்பார்கள். அந்தச் சட்டையோடுதான் காலையில் வீட்டில் போர் நடக்கும்.

கைக்குழந்தைகளின் பனியன் சட்டைகள் சிலவற்றில் தோளில் ஒரு துண்டு மற்றத் துண்டின் மேல் ஏறி மடிந்திருக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல. வயிற்றோட்டத்தில் சட்டை நனைந்துவிட்டால், அழுக்கை முகத்தின் மேலால் கொண்டுபோகாமல், தோளை விரித்துச் சட்டையைக் கீழ்ப்பக்கமாக இறக்கிக் கழற்றலாம். இந்த மடிப்பு இருக்கும் சட்டைகளைக் கண்டால் வாங்கி வையுங்கள்.

இடுப்பும் இலாஸ்ரிக்கும்

மூன்று வயது வரை பிள்ளைக்கு இடுப்பு என்று ஒன்று இல்லை. வயிறு முன்னால் தள்ளி, மார்புச் சுற்றளவுக்குக் கிட்டவே நிற்கும். அதனால் இடுப்பில் மட்டும் நிற்கும் பாவாடை வழியும், வழியாமல் இருக்க இறுக்கினால் தோலை வெட்டும். பழைய தையல்காரர்கள் சின்னப் பிள்ளைகளின் பாவாடைக்கு மேலே கையில்லாத ஒரு மெல்லிய உள்சட்டையைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். பாரம் தோளுக்குப் போய்விடும், வயிறு தப்பிவிடும். இன்றும் அதைவிட நல்ல வழி கிடையாது.

காற்சட்டைக்கு இலாஸ்ரிக் தெரிவுசெய்யும்போது அகலத்தைப் பாருங்கள். அரைச் சென்ரிமீற்றர் ஒடுங்கிய இலாஸ்ரிக் முழு இழுவையையும் ஒரே கோட்டில் வைக்கும். இரண்டு முதல் இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலமானது அதே இழுவையைப் பரப்பிவிடும். அளவை நிற்கவைத்து எடுக்காதீர்கள். பிள்ளையை இருக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே அளந்து, அதிலிருந்து இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் குறைத்து வெட்டுங்கள். இரண்டு விரல் சுலபமாக உள்ளே போகவேண்டும். ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றியபின் தெரியும் கோடு பத்து நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவந்து குழியாக நின்றால் இலாஸ்ரிக்கை மாற்றுங்கள்.

எங்கள் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: அரைநாண். வெள்ளியோ கறுப்பு நூலோ, அதற்கு நேர் மேலே இலாஸ்ரிக் வந்து இருந்தால், அரைநாணைத் தோலுக்குள் வைத்து அமத்தும். புழுக்க நாளில் அந்த இடம் புண்ணாகி, சோப்புப் பட்டால் பிள்ளை துடிக்கும். பலர் காற்சட்டையைக் குற்றம் சொல்லிவிட்டு அதைவிட இறுக்கமான ஒன்றை வாங்குவார்கள். இலாஸ்ரிக் மடிப்பு இரண்டு சென்ரிமீற்றர் கீழே நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். பிள்ளை வளர வளர அரைநாணையும் தளர்த்தவேண்டும்.

சில காற்சட்டைகளின் உள்ளே, இலாஸ்ரிக்கில் வரிசையாகத் துளைகளும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னத் தெறியும் இருக்கும். துளையை மாற்றிக் கொழுவி இடுப்பைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரே காற்சட்டை ஒன்றரை வருடம் வரும். கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கத் தகும்.

உள்ளே என்ன இருக்கிறது

இப்போது திருப்பிய சட்டைக்கு வருவோம். உள்ளங்கையால் தடவிப் பார்க்காதீர்கள். வேலை செய்த கைத்தோல் தடித்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. முழங்கையின் உள்மடிப்பிலோ கன்னத்திலோ உரசிப் பாருங்கள். ஓவர்லொக் தையல் முடியும் முனைகளில், குறிப்பாக அக்குளிலும் பக்கத் தையலின் அடியிலும், நைலோன் நூலின் நுனி வெட்டப்படாமல் முள்ளாக நிற்கும். கத்தரிக்கோலால் வெட்டினால் இன்னும் கூராகும். நுனியை ஊசியில் கோர்த்துத் தையலுக்குள் செருகிவிடுங்கள். கழுத்திலுள்ள லேபிளும் அப்படித்தான். அரைகுறையாக வெட்டினால் மிஞ்சும் அடி, முழு லேபிளைவிட மோசமாகக் கடிக்கும். பிளேட்டால் தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள். எடுத்த இடத்தில் நிற நூலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டுவிட்டால், எது பின்பக்கம் என்று பிள்ளைக்கும் தெரியும்.

நெஞ்சு முழுவதும் தடித்த றப்பர் படம் அச்சடித்த ரீசேர்ட் வேண்டாம். அந்த இடத்தில் காற்றுப் போகாது, மத்தியானத்தில் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையளவு படம் என்றால் போகட்டும்.

விசேடச் சட்டைகளில்தான் பிள்ளைகள் அதிகம் வருந்துகிறார்கள். நெற் துணி, சற்றின், உள்ளே விறைத்த உள்துணி, இடுப்பில் சுருக்கு வைத்த நெற் முழுவதும் ஒரே தையலில் சேர்ந்து நிற்கும். அந்தத் தையலைத் தொட்டுப் பாருங்கள், துடைப்பத்தின் அடிபோல இருக்கும். சட்டையை எறியத் தேவையில்லை. மூன்று சென்ரிமீற்றர் அகலத்தில் குறுக்காக வெட்டிய பழைய மெல்லிய பருத்தித் துணி, பழைய வேட்டித் துண்டு என்றால் மிகவும் நல்லது, அதை அந்தத் தையலின் மேல் மூடி இரு கரையும் கையால் தைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. பட்டுப் பாவாடையின் சரிகைக் கரைக்கும் உள்பக்கம் இதே வைத்தியம்தான். சரிகையின் பின்புற நூல்கள் கணுக்காலை உரசிக் கீறும்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆடி, ஆவணி வெயிலில் நடக்கிறது. பட்டுடுத்திப் பிள்ளையைக் கொண்டுபோக ஆசை இருப்பது இயல்பு. உள்ளே கையில்லாத ஒரு பருத்திப் பனியனைப் போட்டு, பையில் ஒரு வொயில் சட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள். சாமி கும்பிட்டு முடிந்ததும் நிழலில் நின்று மாற்றிவிட்டால், மணலில் விளையாடவும் கச்சான் தின்னவும் பிள்ளைக்கு மனம் வரும். ஆண் பிள்ளைகளுக்கு இடுப்பில் இலாஸ்ரிக் வைத்துத் தைத்த வேட்டி போதும். கரை கணுக்காலுக்கு மூன்று, நாலு சென்ரிமீற்றர் மேலே நிற்கவேண்டும். தரையைத் தொட்டால் மூன்றாவது அடியில் தடக்கி விழும்.

தெறி, சிப், ஒட்டுப்பட்டி

முதுகில் தெறியோ சிப்போ உள்ள சட்டை, போட்டுவிட ஒருவர் இருக்கும் வரைக்கும்தான். முன்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முன்பக்கம் திறக்கும் சட்டை வேண்டும். சலம் வருகிறது என்று தெரிந்தபின் பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் கொழுக்கியும் பெல்ட்டும் கழற்ற முடியாமல் நனைந்துவிட்டால், பிள்ளை வெட்கப்படும், அடுத்தநாள் போக மறுக்கும். கழிப்பறைப் பழக்கம் வரும் வரை, வந்தபின்னும் ஒரு வருடத்துக்கு, இலாஸ்ரிக் காற்சட்டை மட்டும் போடுங்கள். சீருடை முடிவு செய்யும் முன்பள்ளிகளும் இதை நினைத்துத் துணியையும் மாதிரியையும் தெரிவுசெய்தால் எத்தனையோ பிள்ளைகளின் காலை நேரம் இலகுவாகும்.

ஆண் பிள்ளைகளின் காற்சட்டையில் முன்பக்கம் சிப் வைப்பது ஐந்து வயதுக்கு முதல் தேவையற்றது. அவசரத்தில் இழுக்கும்போது தோல் சிப்பில் அகப்படும். அப்படி நடந்துவிட்டால் மேலேயோ கீழேயோ இழுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தெறி பழக 18 முதல் 20 மில்லிமீற்றர் அளவான தட்டைத் தெறி ஏற்றது. சேர்ட்டில் வழமையாக வரும் 10, 11 மில்லிமீற்றர் தெறி அந்த விரல்களுக்கு நழுவும். தெறித்துளை தெறியைவிட மூன்று மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். தெறியைத் துணியோடு ஒட்டித் தைக்காமல், நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்துப் பிறகு குச்சியை உருவி, அந்தத் தளர்ந்த நூலைச் சுற்றிக் காம்புபோல் ஆக்குங்கள். தெறி எழும்பி நிற்கும், பிடிக்க இலகு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உடுப்பில் உள்ள ஒவ்வொரு தெறியையும் பெருவிரலால் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்ற தெறி நேரே வாய்க்குத்தான் போகும், தொண்டையில் அடைக்கும்.

எந்த வயதில் எது வரும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பொதுவாகக் கழற்றுவதுதான் முதலில் வரும். ஒரு வயதில் சட்டைக்குக் கையை நீட்டும், காலுறையையும் தொப்பியையும் பிடுங்கி எறியும். இரண்டு வயதில் இலாஸ்ரிக் காற்சட்டையைக் கீழே இறக்கும். மூன்று வயதளவில் அதை மேலே இழுக்கும், பெரிய தெறியைக் கழற்றும். நாலில் ரீசேர்ட்டைத் தானே போடும், ஐந்தில் முன் பின் பார்க்கும். சப்பாத்து லேஸ் கட்டுவது அதற்கும் பிறகுதான். அதுவரை ஒட்டுப்பட்டி வைத்த செருப்போ சப்பாத்தோ கொடுங்கள்.

பழக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். காற்சட்டையில் இரண்டு காலையும் நீங்களே விட்டு, தொடைவரை இழுத்துவிட்டு, மிச்சத்தைப் பிள்ளையிடம் விடுங்கள். அது தன் கையால் முடித்த வேலையாகிவிடும். அது பழகியதும் முழங்காலில் விடுங்கள், பிறகு கணுக்காலில், பிறகு காற்சட்டையை நிலத்தில் பரப்பி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். காலை விடும்போது நிற்கவைக்காமல் திண்ணையில் இருத்துங்கள். ரீசேர்ட்டை முகம் கீழே இருக்க, அடிப்பகுதி பிள்ளையின் பக்கம் இருக்கப் பரப்பினால், கைகளை உள்ளே விட்டுத் தலைக்கு மேலால் தூக்கிப் போட்டதும் முன்பக்கம் சரியாக வரும். தெறியை அடியிலிருந்து தொடங்குங்கள். நாடிக்குக் கீழே உள்ள தெறியைப் பிள்ளையால் பார்க்க முடியாது.

அளவு

லேபிளில் உள்ள வயதை நம்பாதீர்கள். எங்கள் கடைகளில் உள்ளூரில் தைத்தவையும், இந்தியாவிலிருந்து வருபவையும், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவையும் ஒரே கொழுவியில் தொங்குகின்றன. ஐரோப்பாவுக்குத் தைத்த உடுப்பில் 92, 98, 104, 110 என்று இருந்தால் அது பிள்ளையின் உயரம், சென்ரிமீற்றரில். அந்த நாட்டுக் கணக்கில் 98 என்பது மூன்று வயது. எங்கள் பிள்ளை மெலிந்திருந்தால் நாலு வயதிலும் அது பொருந்தும். இந்திய உடுப்பில் 16, 18, 20 என்று ஏறும் எண்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். சுவரோடு நிற்கவைத்து எடுத்த உயரம், மார்புச் சுற்றளவு, தோளிலிருந்து முழங்கால் வரையான நீளம் ஆகிய மூன்றையும் கைத்தொலைபேசியில் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு அளவு நாடாவோடு போங்கள்.

முதல் வருடத்தில் பிள்ளை ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் வளரும், இரண்டாம் வருடத்தில் 12 அளவில், பிறகு வருடத்துக்கு ஆறு, ஏழுதான். ஆகவே ஒரு வயதுக்குள் நிறைய வாங்கிக் குவிப்பது வீண். மூன்று வயதுக்குப் பிறகு ஒரு அளவு பெரிதாக எடுப்பது நியாயம், இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் கை நீண்டு சோற்றில் தோயும், கால் நீண்டு தடக்கும்.

நாடாவும் நெருப்பும் சில்லும்

கழுத்திலோ தொப்பியிலோ கட்டும் நாடா உள்ள உடுப்பை வாங்கவேண்டாம். சறுக்கு மரத்திலும் கேற்றிலும் நாடா சிக்கிக் கழுத்தை இறுக்கும். ஐரோப்பியத் தர விதிகள் ஏழு வயது வரையான பிள்ளைகளின் உடுப்பில் கழுத்து, தலைப் பகுதியில் நாடாவைத் தடுக்கின்றன. ஏற்கெனவே இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள், சட்டைக்கு ஒன்றும் ஆகாது.

மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் கொண்டுபோகும்போது, நீண்ட பாவாடை, தாவணித் துண்டு, தொங்கும் முடிச்சு எல்லாவற்றையும் மடித்துக் கட்டுங்கள். சில்லிலும் செயினிலும் துணி அகப்பட ஒரு கணம் போதும். சைக்கிளில் பின்னால் இருத்தினால் குதியை மூடிய செருப்பு வேண்டும், கால் ஆரைக்குள் போவது இங்கே அடிக்கடி நடக்கும் காயம்.

கார்த்திகை விளக்கீட்டிலும் தீபாவளி மத்தாப்பிலும் நெற் வைத்துப் பரந்த சட்டை வேண்டாம். பருத்தியும் எரியும், ஆனால் பொலியெஸ்ரர், நைலோன் உருகித் தோலில் ஒட்டிக்கொள்வதால் காயம் ஆழமாகும். அந்த மாலைக்கு உடம்போடு படிந்த பருத்திச் சட்டையும் காற்சட்டையும் போடுங்கள்.

தையல்காரரிடம் கொடுப்பதானால்

அளவான கழுத்தும், வேண்டிய இடத்தில் வேண்டிய தெறியும் கிடைப்பது தைப்பித்தால்தான். 115 சென்ரிமீற்றர் அகலத் துணியில், இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்குக் கையில்லாத சட்டைக்கு முக்கால் மீற்றர், கை வைத்தால் ஒரு மீற்றர், அரைக் காற்சட்டைக்கு அரை மீற்றர் போதும். வெட்ட முதல் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைத்துக் கொடுங்கள். பருத்தி முதல் தோய்ப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். 50 சென்ரிமீற்றர் சட்டையில் இரண்டரை வரை போய்விடும். மார்பு அளவுக்கு மேல் 10 முதல் 12 சென்ரிமீற்றர் தளர்வு கேளுங்கள். அடியில் ஐந்து சென்ரிமீற்றர் உள்மடிப்பு, அல்லது பாவாடையில் இரண்டு டக் வைத்தால், அடுத்த வருடம் பிரித்து நீளமாக்கலாம். உள்தையலை மடித்து அடிக்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும், கேட்டால் செய்து தருவார்கள்.

பெரிய பிள்ளை போட்டுவிட்ட உடுப்பைச் சின்னதுக்குக் கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. பலமுறை தோய்த்த பருத்தி புதியதைவிட மென்மையானது, விறைப்பும் மிஞ்சிய சாயமும் போயிருக்கும். இலாஸ்ரிக்கை மட்டும் புதிதாக்குங்கள்.

தோய்ப்பதும் காயவைப்பதும்

புதிய உடுப்பை ஒருமுறை தோய்த்துவிட்டே போடவேண்டும். கடும் சிவப்பு, கடும் நீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் தனியாகத் தோயுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவதால் பல இடங்களில் வன்மையானது. அந்த நீரில் சோப்புக் கட்டி சரியாக நுரைக்காது. நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசினாகி நூலுக்குள் தங்கும். நல்ல பருத்திச் சட்டை பத்துத் தோய்ப்பில் மொறமொறப்பாவது, வெள்ளை சாம்பல் நிறமாவது இதனால்தான். நுரைக்கவில்லையே என்று மேலும் சோப்புப் போட்டால் பிசின் கூடும். பிள்ளையின் உடுப்புக்குச் சலவைத் தூளை அளவாகப் போட்டு, மூன்று முறை அலசுங்கள். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு, அதாவது பத்து லீற்றருக்கு, கால் கப் வெள்ளை வினாகிரி விட்டால் அந்தப் படிவு இளகும். வெளுப்பு நீரோடு வினாகிரியை ஒருநாளும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். மாரியில் பிடித்த மழைநீர் கிடைத்தால் கடைசி அலசலுக்கு அதைப்போல வேறொன்றில்லை.

வெயில் காலத்தில் ஆறு, ஏழு வீட்டு உடுப்பு ஒரு பிள்ளைக்குப் போதும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை இன்னும் மூன்று சோடியும், கழிப்பறை பழகும் பிள்ளை என்றால் பத்து ஜங்கியும் வேண்டும். முழுதும் காயாத உடுப்பை மடித்து வைத்தால் புளித்த மணம் வரும். மெல்லிய துணிகளை முதலில் காயவைத்து, தையல் ஓரங்களை மினுக்கி ஈரம் எடுங்கள். அதே மாதங்களில்தான் டெங்கு. அதைப் பரப்பும் நுளம்பு பகலில், விடிந்த பிறகும் பொழுது படமுன்னும் அதிகம் கடிக்கும். அந்த நேரங்களுக்கு வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும், தளர்வானதாக. உடம்போடு ஒட்டிய மெல்லிய துணிக்கு மேலாலும் நுளம்பு குத்தும்.

இலாஸ்ரிக் உள்ள உடுப்பை உள்பக்கம் திருப்பி நிழலில் போடுங்கள், கடும் வெயில் அதன் இழுவையைக் கெடுக்கும். கொடியை மாமரத்தில் கட்டினால் முசுறு ஏறி மடிப்புக்குள் இருக்கும். முருங்கையின் கீழே கட்டவே வேண்டாம். மழைக்குப் பிறகு முருங்கையில் மசுக்குட்டி பற்றினால், அதன் மயிர் காற்றில் வந்து காயும் துணியில் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாது, உதறினாலும் முழுதாகப் போகாது, பிள்ளையின் உடம்பு முழுவதும் தடிக்கும். அப்படிப் பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் அந்த உடுப்பைத் திரும்பத் தோய்த்துவிட்டே எடுங்கள். மற்ற நாட்களில் கொடியிலிருந்து எடுத்ததும் ஒருமுறை உதறி, உள்பக்கத்தைப் பார்த்து, பிறகு பிள்ளைக்குப் போடுங்கள்.